ஜெனரேட்டர் ரூம் சூடு: காற்றோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் நர்சிங் ஹோம், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஜெனரேட்டரை ரூமுக்குள் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 125 கேவிஏ டீசல் செட் ஒன்றையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். உங்களுடையது பெரியதோ சிறியதோ, விகிதப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முடிவான எண்ணுக்கு மட்டும் மெஷினோடு வந்த டேட்டா ஷீட்டைப் பாருங்கள்.

ரூம் இப்படிக் கொதிப்பது ஏன்? மெஷினில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கரண்டாக வருகிறது. மீதி எல்லாமே சூடு. 125 கேவிஏ செட் முழு லோடில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் டீசல் குடிக்கும். அதைக் கிலோவாட்டில் சொன்னால் 270 வரும். கரண்டாகக் கிடைப்பது 100. சைலன்சர் வழியாகப் புகையோடு போவது ஏறக்குறைய 85. ரேடியேட்டர் தண்ணீர் சுமப்பது 60. மிச்சம் 25 கிலோவாட் எஞ்சின் உடம்பிலிருந்தும் கரண்ட் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரிலிருந்தும் நேராக ரூமுக்குள்ளேயே இறங்குகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி 25-ஐ ஒரே ரூமில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது போல.

புகைக்குழாய் வெளியே போய்விட்டால் அந்த 85-ஐ விட்டுவிடலாம். ரேடியேட்டர் சூடும் ரூம் சூடும் சேர்ந்த 85 கிலோவாட்டைக் காற்றுதான் சுமந்துகொண்டு போக வேண்டும். அதற்கு விநாடிக்குச் சுமார் 3.5 கனமீட்டர், நம் ஆட்கள் பேசும் கணக்கில் 7,400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று தேவை. அவ்வளவு காற்று ஒழுங்காக ஓடினால், வெளியே இருப்பதைவிட ரூம் 6 டிகிரி அளவுக்குத்தான் கூடுதலாகச் சுடும். கத்திரி வெயிலில் வெளியே 40 என்றால் உள்ளே 46. சங்கடம்தான், ஆனால் மெஷின் தாங்கும். உள்ளே 55, 60 என்று காட்டினால் காற்று ஓடவில்லை, அல்லது ஓடியது திரும்பி வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது காரணத்தைத்தான் பலரும் கவனிப்பதே இல்லை.

எஞ்சின் மூச்சு விடக் காற்று வேண்டும் என்று ஒரு ஜன்னல் வைத்திருக்கிறோம். போதாதா?

டீசல் எரிய வேண்டிய காற்று மேலே சொன்னதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை; 300 சி.எஃப்.எம். பக்கம் வரும். ஜன்னல் அதற்குப் போதும். சூட்டைச் சுமக்கும் 7,400-க்குப் போதாது. கட்டடம் கட்டும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லாததால்தான் 3-க்கு 4 ஜன்னலோடு பல ஜெனரேட்டர் ரூம்கள் நிற்கின்றன.

அப்படியானால் எவ்வளவு பெரிய திறப்பு வேண்டும்?

காற்று உள்ளே வரும் வழியை, அதாவது இன்டேக்கை, இப்படிக் கணக்குப் போடலாம். லூவர் (சாய்வுத் தகடுகள் வைத்த திறப்பு) இடுக்கில் காற்றின் வேகம் விநாடிக்கு 2.5 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் மழைச் சாரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். 3.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.4 சதுர மீட்டர். ஆனால் லூவரில் பாதி இடத்தைத் தகடே அடைத்துக்கொள்ளும். ஆகவே சுவரில் உடைக்க வேண்டியது 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி. 6 அடிக்கு 5 அடி.

இந்த அளவைச் சொன்னதும் கட்டட உரிமையாளர் முகம் மாறும். ஒரே சுவரில் இடம் இல்லையென்றால் இரண்டு சுவரில் பிரித்து வைக்கலாம். ஆனால் எந்த இன்டேக் திறப்பும் ரேடியேட்டர் பக்கம் இருக்கக் கூடாது. காற்று ஆல்டர்னேட்டர் முனையில் நுழைந்து, எஞ்சினைத் தடவிக்கொண்டு, ரேடியேட்டர் வழியாக வெளியே போக வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பெரும்பாலும் 40 டிகிரி காற்றுக்கு என்றுதான் ரேட் செய்திருப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஏறக்குறைய 3 சதவீத லோடைக் குறைக்கச் சொல்வார்கள். குளிர்ந்த காற்று முதலில் அதற்குக் கிடைப்பதுதான் நியாயம்.

வெளியேறும் வழிக்கு ரேடியேட்டர் முகத்தின் பரப்பைப் போல ஒன்றேகால் மடங்கு. இதுவும் லூவர் தகட்டைக் கழித்த பிறகு மிஞ்சும் அளவு.

பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா?

12 அங்குல ஃபேன் ஒன்று சுமார் 1,000 சி.எஃப்.எம். தள்ளும், அதுவும் எதிரே தடை எதுவும் இல்லாவிட்டால். 7,400 தள்ளும் ரேடியேட்டர் ஃபேன் ஏற்கெனவே மெஷினிலேயே இருக்கிறது. அதற்கு வழிவிடுவதுதான் நம் வேலை. இன்டேக் சின்னதாக இருக்கும் ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே காற்றுக்குப் போட்டி போடும். சில ரூம்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாகவே ரேடியேட்டர் ஃபேன் காற்றை உள்ளே இழுப்பதைப் பார்க்கலாம். ஃபேன் இறக்கை தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் உதவும் இடம் வேறு. கூரை ஓரத்தில் தேங்கும் சூட்டை எடுக்கவும், ரேடியேட்டரை மொட்டை மாடியில் தனியாக வைத்திருக்கும் ரூம்களிலும், மெஷின் நின்ற பிறகும் அது தேவை.

அந்த ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து கொடுப்பது?

ஜெனரேட்டர் ஓடும்போதும் கரண்ட் வரும் லைனிலிருந்து. ஈபி லைனில் மட்டும் கொடுத்து வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். கரண்ட் போனால்தான் ஜெனரேட்டர் ஓடும். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். சேஞ்ச் ஓவருக்கு (ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்சுக்கு) பிறகு வரும் பொது லைனில் கொடுத்தால், மெஷின் ஓடும்போதும் சுற்றும், ஈபி வந்து மெஷின் நின்ற பிறகும் கால் மணி நேரம் சுற்றவிட்டு மிச்சச் சூட்டை வெளியேற்றலாம். மோட்டார் வைத்த ஷட்டர் இருந்தால், கரண்ட் இல்லாதபோது தானே திறந்து நிற்கும் வகையை வாங்குங்கள்.

மெஷின் 40 நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் டெம்பரேச்சர் ஏறி டிரிப் ஆகிறது. ரேடியேட்டர் மாற்ற வேண்டுமா?

பொறுங்கள். முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, மெஷின் நின்றிருக்கும்போது ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே பாருங்கள்.

கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே கதை. வரவேற்பு நேரத்தில் ஏசி எல்லாம் ஓடும். முக்கால் மணிக்குள் மெஷின் நின்றுவிடும். தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், வாட்டர் பம்ப் மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம்) செய்தார்கள். எதுவும் கைகொடுக்கவில்லை. ரேடியேட்டர் முகத்துக்கும் சுவர்த் திறப்புக்கும் இடையே நாலு விரல் இடைவெளி இருந்தது, சுற்றிலும். மெஷின் ஓடும்போது அந்த இடுக்கில் கையை வைத்தால் சுடுகாற்று முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் தள்ளும் காற்றில் ஒரு பகுதி வெளியே போகாமல் அந்த இடுக்கு வழியாக ரூமுக்குள் திரும்பி, மறுபடியும் ஃபேனுக்கே வந்துகொண்டிருந்தது. முதல் சுற்றில் 40 டிகிரி காற்று, அடுத்த சுற்றில் 44, அதற்கடுத்து 48. இப்படி ஏறுவதற்குத்தான் 40 நிமிடம். தண்ணீர்ச் சூடு 100-ஐத் தாண்டியதும் பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. அங்கே செய்தது இவ்வளவுதான்: ரேடியேட்டர் ஃபிளாஞ்சில் இருந்து சுவர்ச் சட்டம் வரை கேன்வாஸ் டக்ட் தைத்து, பட்டைத் தகடு வைத்து இறுக்கியது.

கேன்வாஸ் ஏன், தகரமே போடலாமே என்று கேட்பார்கள். மெஷின் ரப்பர் மவுன்ட் மேல் ஆடும். தகரத்தை இரண்டு பக்கமும் இறுக்கினால் விரிசல் விடும், அல்லது ரேடியேட்டர் ஃபிரேமை இழுக்கும். தகர டக்ட் போட்டாலும் நடுவில் ஒரு ஜாண் கேன்வாஸ் கட்டாயம் வேண்டும்.

கதவைத் திறந்து வைத்தால் சூடு குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

அது மருந்து இல்லை, ஆனால் நல்ல பரிசோதனை. கதவைத் திறந்ததும் டெம்பரேச்சர் இறங்கினால் இன்டேக் பற்றாக்குறை என்பது உறுதி. இன்னொரு அடையாளம்: மெஷின் ஓடும்போது வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே பலம் வேண்டும், விட்டால் படீரென்று சாத்திக்கொள்ளும். ரூம் அந்த அளவுக்குக் காற்றுக்கு ஏங்குகிறது.

கதவு ரேடியேட்டர் பக்கத்தில் இருந்தால் கதை மாறும். திறந்த கதவு வழியாக வரும் காற்று நேராக ரேடியேட்டருக்குப் போய்விடும். ஆல்டர்னேட்டர் பக்கம் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும். மீட்டரில் தண்ணீர்ச் சூடு குறைந்ததாகக் காட்டும், ஆல்டர்னேட்டரின் கம்பிச் சுருள் வெந்துகொண்டிருக்கும். அதோடு திறந்த கதவு என்றால் சத்தம், பிள்ளைகள், நாய், திருட்டு. சுவரை உடைத்து லூவர் வையுங்கள்.

ரூமுக்கு ஏசி போடலாமா?

85 கிலோவாட் சூட்டை எடுக்க 24 டன் ஏசி வேண்டும். அதை ஓட்ட உங்கள் ஜெனரேட்டரின் கால்வாசிக் கரண்ட் போய்விடும். வேண்டாம்.

சைலன்ட் டைப் செட் வாங்கியிருக்கிறோம். கேனபியோடு ரூமுக்குள் வைத்துவிட்டோம். சரிதானே?

இப்போது வரும் தொல்லைகளில் பாதி இதுதான். கேனபி என்பது சத்தத்தை அடக்க மெஷினைச் சுற்றி மூடியிருக்கும் பெட்டி; திறந்த வெளியில் வைப்பதற்காகச் செய்தது. பக்கவாட்டில் காற்றை இழுத்து, முன்பக்கமோ மேலேயோ சுடுகாற்றைத் துப்பும். வெளியில் அந்தச் சுடுகாற்று கலைந்துவிடும். ரூமுக்குள் அது கூரையில் மோதி இறங்கி, அதே கேனபியின் பக்கவாட்டு ஓட்டைக்கு வரும். கேனபி சுவருக்கு ஒன்றரை அடியில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

வேறு இடமே இல்லையென்றால் ஒரே வழி, கேனபி துப்பும் வாயிலிருந்து வெளிச்சுவர் வரை டக்ட். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரேடியேட்டர் ஃபேன் எதிர்த்துத் தள்ளக்கூடிய அழுத்தம் பல மாடல்களில் 12 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம் அளவுக்குத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதியைக் கேனபியின் பஞ்சு அடுக்குகளே தின்றுவிடும். நீங்கள் போடும் டக்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எனவே டக்ட் குட்டையாக, அகலமாக, ஒரு வளைவுக்கு மேல் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு வளைவு தவிர்க்க முடியாது என்றால் டக்டின் கடைசியில் துணை ஃபேன் வேண்டும். டக்டைக் கேனபி வாயின் அளவைவிடச் சுருக்குவது மட்டும் கூடவே கூடாது. அழகுக்காகச் சுருக்கி, கடைசியில் கோயில் கோபுரம் மாதிரி குறுக்கிக்கொண்டே போகும் ஃபேப்ரிகேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வரைபடம் கொடுத்து வேலை வாங்குங்கள்.

இன்னும் வாங்கவில்லையென்றால், ரூமுக்குள் வைக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, டக்ட் போட வசதியான கேனபி உள்ள மாடலைக் கேளுங்கள்; 1000 கேவிஏ வரையிலான புது செட்டை கேனபி இல்லாத ஓபன் செட்டாக விற்க விதி இடம் தருவதில்லை. விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தத் திசையில் சுடுகாற்றை விடுவது?

நம் கடற்கரையில் கிழக்கு வேண்டாம். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். மெஷினுக்கு அதிக லோடு இருக்கும் நேரமும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று லூவருக்கு நேராக அடித்தால் 3 முதல் 4 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு எதிரழுத்தம் உண்டாகும். 12-இல் 4 போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. மழைநாளில், அதுவும் வெளியே 26 டிகிரி இருக்கும்போது, மெஷின் டிரிப் ஆகிறதே என்று ஆச்சரியப்படுபவர்கள் காற்றுத் திசையைப் பார்க்க வேண்டும்.

இடம் வாய்த்தால் தெற்கோ மேற்கோ பார்த்து விடலாம். வாய்க்காத இடங்களில் லூவருக்கு வெளியே மூன்று நான்கு அடி தள்ளி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, காற்றை மேல்நோக்கித் திருப்பலாம். புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் முகப்பில் கைவைக்க முடியாத பழைய வீடுகளில் முற்றம்தான் நுரையீரல். இன்டேக்கை முற்றத்திலிருந்து எடுத்து, சுடுகாற்றைப் பின்கட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோவார்கள். இரண்டையும் ஒரே முற்றத்தில் விட்டால் மேலே சொன்ன மண்டபத்தின் கதையே பெரிய அளவில் நடக்கும்.

இன்டேக் வாய்க்கு முன்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தார் போட்ட பார்க்கிங், ஏசி அவுட்டோர் யூனிட் வரிசை, சமையல்கூடச் சிம்னி இவை இருந்தால் வரும் காற்றே 45 டிகிரியில் தொடங்கும்.

புயல், வெள்ளத்துக்கு என்ன செய்வது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அவ்வப்போது அரை மணி நேரம் ஓடிப் பழகிய மெஷின்கள் அப்போது இரவும் பகலும் ஓட வேண்டியிருந்தது. காற்றோட்டக் குறை வெளிப்படுவது அப்படிப்பட்ட நாட்களில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதியில் அடித்தளத்தில் ஜெனரேட்டர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு நல்ல பம்ப் இருந்தாலும் அந்தப் பம்ப்புக்கும் கரண்ட் அந்த ஜெனரேட்டரே கொடுக்க வேண்டும்.

அடித்தளத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள் என்றால், காற்று இறங்கும் ஷாஃப்டின் வாய் தெருமட்டத்துக்கு நன்றாக மேலே, பழைய வெள்ளக் குறிக்கும் மேலே இருக்கட்டும். பல கட்டடங்களில் அது தரையோடு தரையாகக் கம்பி கிராதியாக இருக்கிறது. தெருத்தண்ணீர் முதலில் இறங்கும் வழியே அதுதான். தரைத்தளத்தில் மெஷினுக்கு இரண்டு அடி மேடை போடுங்கள், பேட்டரிக்கும் பேனலுக்கும் அதைவிட உயரம்.

சாரலுக்கு லூவர் தகடு 45 டிகிரி சாய்வில், அடியில் தண்ணீர் வெளியே வடியும் சரிவோடு இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் லூவரைத் தார்ப்பாய் போட்டுக் கட்டுபவர்கள் உண்டு. கட்டுங்கள், ஆனால் ஆட்டோ மோடில் (கரண்ட் போனால் தானே ஸ்டார்ட் ஆகும்படி) இருக்கும் மெஷினை மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் கட்டுங்கள். நள்ளிரவில் கரண்ட் போய், மூடிய ரூமில் மெஷின் தானாக ஸ்டார்ட் ஆனால் பத்து நிமிடத்தில் சூடேறி நிற்கும், அல்லது தார்ப்பாயை இழுத்து ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ளும்.

உப்புக்காற்றால் ரேடியேட்டர் அரிக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் இரும்பு லூவர் சீக்கிரம் பொரிந்து உதிரும். அலுமினியத்தில் போடுங்கள், கம்பிவலை எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். இன்டேக்கைக் கடல் பக்கச் சுவரில் வைக்காமல் இருந்தாலே உப்பு பாதி குறையும்.

கழுவும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் வெளிப்பக்கம் நின்று பைப் அடிப்பார்கள். அழுக்கு இருப்பதோ உள்பக்கம், ஃபேன் பார்க்கும் முகத்தில். ஃபேன் ரூம் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ளுவதால் தூசி முதலில் மோதுவது அங்கேதான். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் ரூமுக்குள்ளேயே ஆவி விடும்படி இருந்தால் அந்த எண்ணெய் ஆவியும் அதே முகத்தில் படியும். தூசியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து ஃபின்களுக்கு (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு) நடுவே கறுப்பு மாவாக அப்பிக்கொள்ளும். விரல் நகத்தால் சுரண்டினால் வரும், தண்ணீருக்கு அசையாது. ஃபேன் கார்டைக் கழற்றி, டிகிரீசர் தடவி ஊறவிட்டு, வெளியிலிருந்து உள்ளே மெதுவான அழுத்தத்தில் நல்ல தண்ணீர் அடித்து வெளியேற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரையும் பேனலையும் முதலில் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும், அப்புறம் காற்று போகாது. பிரீதர் குழாயை நீட்டி ரேடியேட்டரைத் தாண்டி வெளியே விட்டுவிட்டால் இந்த மாவு தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒரு மீட்டர் ஓஸ் செலவு.

லூவரில் கொசுவலை அடிக்கலாமா?

வேண்டாம். புதிதாக இருக்கும்போதே காற்றைக் குறைக்கும். தூசியும் பஞ்சும் ஒட்டிய பிறகு அது வலை இல்லை, திரை. எலி, பாம்பு, புறா வராமல் இருக்க 12 மில்லிமீட்டர் வெல்டு மெஷ் போதும்.

புகைக்குழாய் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

முழு லோடில் புகை 450 முதல் 550 டிகிரி வரை இருக்கும். ரூமுக்குள் ஓடும் குழாயும் சைலன்சரும் போர்த்தாமல் இருந்தால் ரூமின் சூட்டுக் கணக்கே மாறிப்போகும். மேலே சொன்ன 25 கிலோவாட் எல்லாம் நன்றாக லேகிங் செய்த, அதாவது சூடு வெளியே வராமல் போர்த்திய குழாய்க்குத்தான். ராக்வூல் (கல்பஞ்சு) சுற்றி, அலுமினியத் தகடு போர்த்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது பழைய பழக்கம், நுரையீரலுக்கு ஆபத்து, விட்டுவிடுங்கள். முடிந்தால் சைலன்சரை ரூமுக்கு வெளியே தூக்கி வையுங்கள்.

குழாய் உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது: கட்டட உயரத்தோடு, கேவிஏ-வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 125 கேவிஏ-வுக்கு கட்டடத்துக்கு மேலே சுமார் 2.24 மீட்டர். குழாயின் வாய் இன்டேக் லூவர் இருக்கும் பக்கமோ, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமோ திரும்பி இருக்கக் கூடாது.

கடைக்குள் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. முழுதாகத் திறந்திருந்தாலும் உள்ளே கூடாது. இது மெஷின் கெடும் விஷயம் இல்லை, உயிர் போகும் விஷயம். பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். நிறம் இல்லை, வாசனை இல்லை. கனமான வாயு, கீழே இறங்கிவிடும் என்று சொல்வார்கள். காற்றின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம்தான், ரூம் முழுக்கப் பரவும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்றுதான் தொடங்கும். புழுக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று படுத்துவிடுவார்கள்.

யாருக்காவது அப்படி ஆனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், ஜெனரேட்டர் புகை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் 98, 99 என்று நல்ல எண்ணையே காட்டும்; அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே, பால்கனியில், ஜன்னலுக்கு வெளியே ஒட்டி வைப்பதும் ஆபத்துதான்.

டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவு, இல்லாமல் இல்லை. ரூமுக்கு மேலே ஆள் படுக்கும் அறை இருந்தால் கூரையில் கேபிள் போகும் ஓட்டைகளை அடைத்து, அங்கே ஒரு அலாரம் வையுங்கள்.

திறப்பைப் பெரிதாக்கினால் சத்தம் வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் பக்கம் நியாயம் உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், பகலில் 55. ரூமுக்குள் இருக்கும், கேனபி இல்லாத பழைய ஓபன் செட்டுக்குச் சத்தத் தடுப்பு குறைந்தது 25 டெசிபல் குறைக்க வேண்டும் என்பது விதி. திறப்பை அடைத்து இதைச் சாதிக்க முடியாது. இன்டேக்கிலும் அவுட்லெட்டிலும் ராக்வூல் நிரப்பிய அடுக்குப் பலகைகளை வரிசையாக நிறுத்துவார்கள். காற்று நடுவே நுழைந்து போகும், சத்தம் பஞ்சில் செத்துவிடும். இந்தப் பலகைகளும் காற்றுக்குத் தடைதான். ஆகவே சத்தத் தடுப்பு செய்பவரும் காற்றோட்டம் பார்ப்பவரும் ஒரே கணக்கில் உட்கார வேண்டும். தனித்தனி ஆளிடம் தனித்தனியாகக் கொட்டேஷன் வாங்கினால் ஒருவர் திறந்ததை மற்றவர் அடைப்பார்.

பழைய செட்டை எடுத்துவிட்டு அதே ரூமில் புது செட் வைக்கிறோம். ரூமை மாற்ற வேண்டுமா?

அதே கேவிஏ என்பதற்காக அதே காற்று போதும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூலை 1 முதல் வந்த, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் (சிபிசிபி) 4 பிளஸ் புகை விதிக்குப் பிறகு பல மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி குழாயில் சேர்ந்திருக்கிறது. அதற்கு இடம் வேண்டும், லேகிங் வேண்டும், ரேடியேட்டரும் பல மாடல்களில் பெரிது. டேட்டா ஷீட்டில் ரேடியேட்டர் காற்று அளவு, ரூமுக்குள் இறங்கும் சூடு, அனுமதிக்கும் எதிரழுத்தம் என்ற மூன்று எண்ணையும் எடுத்து, சுவர்த் திறப்போடு ஒத்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.

ரூம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வாரம் ஒருமுறை காலையில் பத்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டுவது பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் சோதனை, ரூமுக்கு இல்லை. சித்திரை, வைகாசியில் பிற்பகல் 2 மணிக்கு, எல்லா ஏசியையும் போட்டு, கதவைச் சாத்தி, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வெளியே நிழலில் ஒரு தெர்மாமீட்டர், ஆல்டர்னேட்டர் காற்று இழுக்கும் இடத்தில் ஒன்று, ஏர் ஃபில்டர் அருகே ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். எண்கள் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் சுடுகாற்று திரும்பி வருகிறது. ஆல்டர்னேட்டர் பக்கம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் கூடினால் காரணம் தேட வேண்டும். ஒரு குச்சியில் மெல்லிய காகித நாடா கட்டி ரேடியேட்டர் ஓரங்களில் காட்டினால் எந்த இடுக்கில் காற்று திரும்புகிறது என்று நாடாவே சொல்லும். சுற்றும் ஃபேன், பெல்ட் பக்கம் போகாதீர்கள். தளர்ந்த துண்டோடும் வேட்டி நுனியோடும் அந்த ரூமுக்குள் நுழையவே வேண்டாம்.

நிறுத்தும் முன் லோடை எடுத்துவிட்டு 3 முதல் 5 நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஆட்டோ பேனலில் இது செட்டிங்காகவே இருக்கும். அவசரத்தில் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேட்டரியை எங்கே வைப்பது?

காற்று நுழையும் பக்கம். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வரும், மூடிய மூலையில் தள்ளாதீர்கள்.

ரூமில் கொஞ்சம் இடம் இருக்கிறது. சாமான் வைத்துக்கொள்ளலாமா?

மண்டபங்களில் மடக்கு நாற்காலியும் ஷாமியானா மூட்டையும் லூவருக்கு முன்னால்தான் அடுக்கியிருக்கும். 6-க்கு 5 அடி திறப்பு 2-க்கு 5 ஆகிவிடும். லூவருக்கு முன்னால் உள்ளேயும் வெளியேயும் நாலு அடி காலியாக விட்டு, தரையில் மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். பெயின்ட் டப்பா, தின்னர், பழைய துணி, காலி சாக்கு எதுவும் அந்த ரூமில் கூடாது. தீயணைப்பான் மட்டும் இருக்கலாம், அதுவும் கதவுக்கு வெளிப்பக்கம் எட்டும் இடத்தில்.